பேரைச் சொல்லுங்கள், பூர்வீகத்தைப் பார்ப்போம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து வாசகர்கள் பெயர்களைப் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. தமிழ்ப்பள்ளியில் காலமெல்லாம் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பேர் கூப்பிட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

லிந்தாங் பக்கமிருந்து ஒரு புது அப்பா: சார், பையனுக்கு ரோகிணி நட்சத்திரம். கோயில் ஐயர் 'வ' எழுத்தில் வைக்கச் சொன்னார். வீட்டுக்காரம்மா 'ஆரவ்' என்று முடிவே பண்ணிவிட்டார். இணையத்தில் 'அமைதியானவன்' என்று அர்த்தம் போட்டிருக்கிறது. வைக்கலாமா?

ஐயர் சொன்னது சரி. ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. அமைதிதான் இடிக்கிறது. வடமொழியில் ஆரவம் என்றால் ஓசை, இரைச்சல். கைக்குழந்தைக்குப் பொருத்தமான பேர்தான், ராத்திரி கண் விழிக்கிற உங்களுக்கே தெரிந்திருக்கும். இந்தப் பேர்ப் பட்டியல் தளங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுகிறவை. முதலில் எழுதியவர் தப்பு செய்தால் நூறு இடத்தில் அந்தத் தப்பு நிற்கும். 'ரித்விக்' என்று இப்போது வகுப்புக்கு ஒரு பையன் இருக்கிறான். அது வேள்வி நடத்தும் புரோகிதரைக் குறிக்கும் சொல் என்று எத்தனை பெற்றோருக்குத் தெரியுமோ. 'வ' வரிசையில் வளவன், வசந்தன், விமலன் என்று தாராளமாக இருக்கிறது. அம்மா மனம் மாறவில்லை என்றால் ஆரவ் என்றே வையுங்கள். அர்த்தத்தை மட்டும் மாற்றிச் சொல்லாதீர்கள்.

பிறந்த நேரத்தைப் பேரில் வைப்பது நம்மோடு நின்றுவிடவில்லை. கானா நாட்டு அகான் மக்கள் கிழமையை வைத்தே பேர் வைப்பார்கள். ஐ.நா. தலைமைச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமைக்காரர், கானாவின் முதல் அதிபர் குவாமே இங்க்ருமா சனிக்கிழமைக்காரர். பாலித் தீவில் வரிசைதான் பேர்: வயான், மாடே, ஞோமான், கெதுத். ஐந்தாவது பிள்ளை பிறந்தால் மறுபடி வயான்.

ஈப்போவில் வேலை பார்க்கும் பேத்தி: ஐயா, எங்கள் பாட்டியின் ஐசியில் (அடையாளக் கார்டில்) 'குப்பம்மா' என்று இருக்கிறது. கிளினிக்கில் அந்தப் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. பெற்ற பிள்ளைக்கு யாராவது இப்படி வைப்பார்களா?

பிழைக்க வேண்டும் என்று வைத்த பேர் அம்மா அது. அந்தக் காலத்துத் தோட்டங்களில் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் லயம் லயமாகப் (லயம் என்றால் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடு) பிள்ளைகளைக் கொண்டுபோயின. கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தில் தேங்கிய நீரை வடித்துக் கொசுவை ஒழிக்கும் வேலையில் இறங்கியதே 1901இல்தான். அது எல்லாத் தோட்டங்களுக்கும் எட்ட வெகுநாள் ஆனது.

ஒரு வீட்டில் முதலிரண்டு பிள்ளை தவறிவிட்டால், அடுத்ததைப் பிறந்த உடனே குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுப்பார்கள். பக்கத்து லயத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். எமன் வந்து பார்த்தால், 'இது குப்பையில் கிடந்தது, தவிட்டுக்கு வாங்கினது, உனக்கெதற்கு?' என்று சொல்லத்தான் இத்தனை நாடகமும். குப்பன், குப்பம்மா, பிச்சை, தவிடன் எல்லாம் இந்த வழியில் வந்தவை. மூக்கைக் குத்திவிட்டு மூக்கன், மூக்கம்மா என்று வைப்பதும் இதே சேர்த்தி.

சீனர்களும் இதே தந்திரத்தைச் செய்தார்கள். ஹொக்கியன் பேசும் பழைய சீனர்களில் 'ஆ காவ்' என்று எத்தனையோ பேர் இருப்பார்கள். காவ் என்றால் நாய். (ஒன்பது என்றும் பொருள்படும், ஆகவே எல்லா ஆ காவையும் நாயாக்கிவிடாதீர்கள்.) அடுத்த முறை கிளினிக்கில் கூப்பிடும்போது உங்கள் கொள்ளுப்பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எத்தனை பிள்ளையைப் புதைத்துவிட்டு அந்தப் பேரை வைத்தாரோ.

லெச்சுமி என்று பேர் உள்ள மூன்று பேர், தனித்தனியாக: இந்தியாவில் லட்சுமி என்று எழுதுவது நம் ஐசியில் மட்டும் ஏன் எல்-இ-டி-சி-எச் என்று ஆரம்பிக்கிறது?

வாயில் வந்தது காகிதத்தில் ஏறியது, அவ்வளவுதான். பாட்டி 'லெச்சுமி' என்றுதான் சொல்லியிருப்பார், தோட்டத்துக் கிராணி (குமாஸ்தா) கேட்டபடி எழுதினார். கிராணிகளில் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் நிறைய. அவரவர் காதுக்கு ஏற்ற எழுத்து. செக்ரோலில் (தோட்டத்து வேலையாள் பதிவேட்டில்) ஒரு மாதிரி, பிறப்புப் பத்திரத்தில் வேறு மாதிரி, ஐசியில் இன்னொரு மாதிரி என்று ஒரே முனியம்மா மூன்று ஆளாகிப் பிறகு வாரிசுச் சொத்துக்கு அலைந்த கதை இந்த ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. இந்த எழுத்தைக் கண்டாலே 'மலேசியாக்காரர்' என்று அடையாளம் தெரியும். நான் மாற்றச் சொல்ல மாட்டேன்.

பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் கடை வைத்திருப்பவர்: எதிர்க்கடைச் சீனர் 'இங்'. அவருடைய பினாங்குச் சித்தப்பா மகன் 'ஊய்'. ஒரே குடும்பமாம். நம்பலாமா சார்?

நம்பலாம். எழுத்து ஒன்று, ஒவ்வொரு சீனப் பேச்சுமொழியிலும் உச்சரிப்புத்தான் வேறு. மஞ்சள் என்று பொருள்படும் அந்தக் குலப்பெயரை ஹொக்கியனில் 'இங்' என்பார்கள், பினாங்குப் பக்கம் 'ஊய்', கண்டனீஸில் 'வோங்', மாண்டரினில் 'ஹுவாங்'. ஹொக்கியன் 'தான்', கண்டனீஸ் 'சான்', ஹக்கா 'சின்' மூன்றும் அப்படித்தான். ஆனால் கண்டனீஸ்காரர் 'இங்' என்றால் அது வேறு எழுத்து, வேறு குலம். 'வோங்' சில பேருக்கு மஞ்சள், சில பேருக்கு அரசன். சந்தேகம் வந்தால் சீன எழுத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். குலப்பெயர் முதலில் வரும், கல்யாணம் ஆனாலும் பெண் அதை மாற்றுவதில்லை.

லண்டனுக்குப் படிக்கப் போகும் மாணவி: என் பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவில் இருக்கும் ஏ/பி அங்கே குழப்பம் தருமாமே?

தரும். மலாயில் 'அனாக் பெரம்புவான்', இன்னாரின் மகள், அவ்வளவுதான் அது. முன்பு ஆங்கிலத்தில் டி/ஓ. நமக்குக் குடும்பப் பேர் கிடையாது. அங்கே படிவத்தில் கடைசிக் கட்டத்தைக் காலியாக விட மாட்டார்கள், அதனால் அப்பா பேர் போய் உட்காரும். ஊரே உன்னை அப்பா பேரால் கூப்பிடும், பழகிக்கொள். எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுது, ஓரிடத்தில் ஒரு மாதிரி வேண்டாம். குடும்பப் பேர் இல்லாதவர்கள் நாம் மட்டும் என்று நினைக்காதே. ஐஸ்லாந்தில் பெரும்பாலோர் இன்னும் அப்பா பேரோடு 'சன்' (மகன்), 'தோத்திர்' (மகள்) என்று சேர்த்துத்தான் வாழ்கிறார்கள். சரவாக்கின் இபான் மக்களும் 'அனாக்' போடுவார்கள், அரசியல் தலைவர் துன் ஜுகா அனாக் பாரியெங் போல. இந்தோனேசியாவின் முதல் அதிபர் சுகர்னோவுக்கு இருந்தது ஒரே பேர்.

தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து: தாத்தா சின்னப்பன், பெரிய தாத்தா அருளப்பன், மாமா சவரிமுத்து. இவை இந்துப் பேர்கள் மாதிரி இருக்கின்றனவே?

மூன்றும் அசல் கத்தோலிக்கப் பேர்கள். பவுல் என்பதற்கு லத்தீனில் 'சிறியவர்' என்று பொருள், அதைத் தமிழாக்கினால் சின்னப்பர். யோவான் என்றால் எபிரேயத்தில் 'கடவுள் அருளினார்', ஆகவே அருளப்பர். அந்தக் காலத்தில் பேரையே மொழிபெயர்த்த கெட்டிக்காரர்களை நான் மெச்சுகிறேன். சவரி மட்டும் சவேரியாரின் ஒலி. சவேரியார் குடும்பம் ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லைப் பக்கத்துப் பாஸ்க் நாட்டுக்காரர்கள், அந்த மொழியில் 'புது வீடு' என்று பொருள்படும் ஓர் ஊரின் பேர் அது.

மதியழகனின் அம்மா: பள்ளியில் மலாய்ப் பையன்கள் 'மத்தி, மத்தி' என்று கேலி செய்கிறார்களாம்.

மலாயில் மத்தி என்றால் சாவு, அதுதான். பையனைச் சுருக்காமல் முழுப் பேரையும் சொல்லச் சொல்லுங்கள். சில வாரத்தில் அவர்களுக்கே அலுத்துவிடும். மாலு என்று வீட்டில் கூப்பிடுகிற மாலதிகளுக்கும் இதே கதை, மலாயில் அது வெட்கம்.

பேர் சொல்ல விரும்பாத அன்பர்: முதல் பையனுக்கு 'டத்தோ' என்ற பட்டத்தையே பேராக வைத்தால் பதிவிலாகா ஏற்குமா?

ஏற்காது. 2006இலேயே விரும்பத்தகாத பேர்கள் என்று பட்டியல் போட்டார்கள். பட்டங்கள், விலங்குகள், பழங்கள், நிறங்கள், ஜப்பான் கார்கள், ஹிட்லர், 007 எல்லாம் அதில் உண்டு. பையன் வளர்ந்து அவனே வாங்கிக்கொள்ளட்டும். அதுவரை முருகன் என்று வையுங்கள், யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.