சிறுநீரக நீர்க்கட்டியை வெட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 63. சாப்பாட்டுக்குப் பின் வரும் வயிற்று நோவுக்காக ஸ்கான் எடுத்தபோது, பித்தப்பையில் கற்களும், இடது சிறுநீரகத்தில் 6 சென்ரிமீற்றர் அளவிலான ‘சிம்பிள் சிஸ்ட்’ (சாதாரண நீர்க்கட்டி) ஒன்றும் இருப்பதாக எழுதித் தந்தார்கள். சிறுநீரகத்தின் வேலைத்திறனைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் கிரியேற்றினின் 1.0. கட்டியை வெட்டி எடுக்காவிட்டால் சிறுநீரகம் பழுதாகிவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் இதற்குக் காரணமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி

பதில்: கிணற்றுத் தண்ணீரை முதலில் விட்டுவிடுங்கள். சுண்ணாம்புக்கல் நிலத்தில் வாழும் நாம் சிறுநீரகத்தில் எது வந்தாலும் தண்ணீரின் தலையில் போடப் பழகிவிட்டோம். சாதாரண நீர்க்கட்டியோ வயது ஏற ஏறப் பலருக்கும் தோன்றுவது. இரு சிறுநீரகங்களிலும் எண்ணற்ற கட்டிகள் பெருகி அவற்றைச் செயலிழக்கச் செய்யும் பரம்பரை நோய் வேறு.

மெல்லிய சுவரும் உள்ளே தெளிந்த நீரும் மட்டுமே உள்ள கட்டி, மோர்ட்டன் பொஸ்னியாக் என்ற கதிரியல் மருத்துவர் 1986 இல் வகுத்த தரப்படுத்தலில் முதலாம் வகையைச் சேரும்; நோவோ அடைப்போ தராதவரை அதற்குச் சிகிச்சை தேவையில்லை. சுவர் தடித்திருந்தாலோ உள்ளே தடுப்புகள் தெரிந்தாலோ சீரிஸ்கான் எடுத்துப் பார்ப்பார்கள்.

சத்திரசிகிச்சையில் நடப்பது இதுதான்: வயிற்றில் சில சிறு துளைகளிட்டுக் கமராவைச் செலுத்தி, பெருங்குடலை ஒதுக்கினால், சிறுநீரகத்தின் மேல் நீலம் பாய்ந்த குமிழாகக் கட்டி தெரியும். அதைத் துளைத்து, வைக்கோல் நிற நீரை உறிஞ்சிய பின், வெளியே புடைத்து நிற்கும் கூரையை மட்டும் வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். சிறுநீரகத் தசையோடு ஒட்டிய அடிப்பகுதியைப் பெரும்பாலும் தொடுவதில்லை. தொட்டால் இரத்தம் கசியலாம், சிறுநீர் சேரும் குழாய் கிழியலாம். ஊசியால் நீரை எடுப்பது இதைவிட எளிது. ஆனால் உட்சுவர் மீண்டும் நீரைச் சுரக்குமாதலால் கட்டி திரும்ப நிரம்புவது வழக்கம். அதனாலேயே, சிறுநீர்ப் பாதையோடு தொடர்பில்லை என உறுதிசெய்துகொண்டு, அற்ககோலைச் செலுத்தி அந்தச் சுவரைச் செயலிழக்கச் செய்வார்கள்.

இதனால் சிறுநீரகம் தேறுமா என்பதே தங்கள் கேள்வியின் உட்பொருள். கட்டி சிறுநீர்க் குழாயை நெரித்து, மேலே சிறுநீர் தேங்கி வீங்கியிருந்தால், நெரிப்பு நீங்கியதும் அந்தப் பக்கச் சிறுநீரகம் ஓரளவு மீளக்கூடும். நெடுநாள் அடைப்பால் அழிந்த தசை மீளாது. அடைப்பே இல்லாத சிறுநீரகத்தில் கூரையை வெட்டுவதால் வேலைத்திறன் கூடும் என எதிர்பார்க்க முடியாது. ஆகவே 6 சென்ரிமீற்றர் என்ற அளவு மட்டும் கத்தி வைக்கக் காரணமாகாது என்பதே என் கருத்து. கிரியேற்றினின் இரு சிறுநீரகங்களின் கூட்டுக் கணக்கைத்தான் சொல்லும். ஒரு பக்கம் தளர்ந்தால் மறுபக்கம் ஈடுகட்டிவிடும். எனவே அந்த ஸ்கான் அறிக்கையில் இடப்பக்கம் ‘ஹைட்ரோநெப்ரோசிஸ்’, அதாவது சிறுநீர் தேங்கிய வீக்கம், உண்டா என்பதைப் பாருங்கள்.

இல்லையென்றால் கட்டி அங்கேயே கிடக்கட்டும். விலாப்பக்க நோவு, காய்ச்சல், சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றில் ஏதாவது வந்தால் மட்டும் தாமதியாது கிளினிக்குக்குச் செல்லுங்கள். தங்களை ஸ்கானுக்கு அனுப்பிய நோவு பித்தப்பைக் கல்லினுடையதாக இருக்கக்கூடும். சத்திரசிகிச்சை நிபுணரிடம் அதைப் பற்றி முதலில் பேசுங்கள்.