பழைய ராணுவ மரப்பெட்டியில் என்ன இருந்தது, அது எந்த நாட்டுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவர் சொல்வது இது: பச்சைச் சாயம் பூசிய கனமான மரப்பெட்டி, இரு பக்கமும் கயிற்றுக் கைப்பிடி, மூடியில் பாதி அழிந்த எழுத்து. தோட்டாப் பெட்டியா, துப்பாக்கிப் பெட்டியா, யாருடையது என்று தெரிய வேண்டும்.

பழைய மரச்சாமான்களைப் பழுது பார்ப்பது என் வேலை. இந்த மாதிரிப் பெட்டிகள் அவ்வப்போது கைக்கு வரும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. உள்ளே தோட்டா, குண்டு, சீல் பிரிக்காத தகர டப்பா என்று எது கிடந்தாலும் அதைத் தொட வேண்டாம், பெட்டியையும் நகர்த்த வேண்டாம். போலீசுக்குச் சொல்லிவிடுங்கள். பழைய வெடிமருந்துக்கு வயதானால் வீரியம் போய்விடும் என்று நம்பி இருக்காதீர்கள். இனி எழுதுவதெல்லாம் காலிப் பெட்டிக்குத்தான்.

எல்லோரும் மூடியில் இருக்கும் எழுத்தைத்தான் முதலில் படிக்கப் பார்ப்பார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். ராணுவத்தில் ஒரு பெட்டி ஒருமுறை பயன்பட்டதும் குப்பைக்குப் போய்விடாது. கிடங்குக்குத் திரும்பி வரும், உடைந்த பலகையை மாற்றுவார்கள், மேலே ஒரு கோட்டிங் அடிப்பார்கள், புதிதாக ஸ்டென்சில் வைத்து வேறு எதையோ நிரப்பி அனுப்புவார்கள். ஆகவே அந்த எழுத்தும் வருடமும் பெரும்பாலும் கடைசியாக நிரப்பிய சரக்கைப் பற்றியவை. பெட்டி செய்த காலம் அதற்குப் பல வருடம் முன்பாகவும் இருக்கலாம்.

அதனால் டேப்பை எடுத்து உள்ளளவைப் பாருங்கள். துப்பாக்கிப் பெட்டி என்றால் அதன் நீளமே காட்டிக் கொடுத்துவிடும். ஜெர்மானியர்களின் கார் 98கே துப்பாக்கி 111 செ.மீ., பிரிட்டிஷ் லீ என்ஃபீல்டு நம்பர் 1 மார்க் 3 ஏறக்குறைய 113 செ.மீ., ரஷ்ய மோசின் 91/30 சுமார் 123 செ.மீ. உள்நீளம் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்து, குறுக்குச் சட்டங்களில் வெட்டுகளும் இருந்தால் ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம். அந்த வெட்டுகளைக் கவனியுங்கள்: ஒன்று அகலமாகவும் அடுத்தது ஒடுக்கமாகவும் மாறி மாறி வந்தால், துப்பாக்கிகளைத் தலைமாற்றி அடுக்கியிருக்கிறார்கள். அகல வெட்டில் கட்டை, ஒடுக்க வெட்டில் குழல். சட்டங்களைக் கழற்றிவிட்டிருந்தாலும் உள்சுவரில் ஆணித்துளைகளோ சாயம் படாத பட்டைகளோ மிஞ்சியிருக்கும்.

தோட்டாப் பெட்டி சின்னதாக, பலகை தடித்ததாக இருக்கும். ஈயமும் பித்தளையும் நிரம்பினால் சின்னப் பெட்டிகூடத் தூக்கச் சிரமமான கனமாகிவிடும் அல்லவா? மோசின் துப்பாக்கியில் போடும் 7.62×54 ரகத் தோட்டாவுக்கான சோவியத் பெட்டியில் இரண்டு தகர டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் 440, ஆக 880 தோட்டாக்கள். பழைய பிரிட்டிஷ் பெட்டிகள் பலவற்றில் ஈரம் புகாமல் உள்ளே தகரம் அடித்திருப்பார்கள். தகரத்தை யாராவது பிய்த்து எடுத்திருந்தாலும் மூலைகளில் பற்றவைத்த ஈயப் பொட்டுகள் அல்லது துருக்கோடு தெரியும். அடியில் அரைவட்டமாகக் குடைந்த தாங்கிகள் இருந்தால் அது மார்ட்டர் குண்டுக்கோ பீரங்கிக் குண்டுக்கோ செய்தது.

அடுத்து உலோகம். பழைய கரும்வெடிமருந்துக் காலத்தில் இரும்பு உரசித் தீப்பொறி வந்துவிடக் கூடாது என்று செம்பும் பித்தளையும் போட்டார்கள். மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிக்கான பிரிட்டிஷ் பெட்டி அதற்கு நல்ல மாதிரி: செம்புப் பட்டைகள், 600 தோட்டாக்கள், நடுவில் நழுவித் திறக்கும் ஒரு மூடி, அதைப் பிடிக்க ஒரே ஒரு பித்தளைத் திருகு. 1879 ஜனவரி 22 அன்று தென்னாப்பிரிக்காவின் இசாண்டில்வானாவில் ஜூலுப் படையிடம் பிரிட்டிஷார் தோற்றதற்கு இந்தத் திருகைக் கழற்ற முடியாமல் போனதுதான் காரணம் என்று ஒரு கதை உண்டு. ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை; துப்பாக்கிக் கட்டையால் ஓங்கி ஒரு போடு போட்டால் அந்த மூடி வந்துவிடும்.

திருகுகள் தேதியும் சொல்லும். பிளஸ் குறி போட்ட பிலிப்ஸ் திருகு 1930களில்தான் சந்தைக்கு வந்தது. முதல் உலகப்போர்ப் பெட்டி என்று விற்கிறவரிடம் எல்லா மூலையிலும் அதுவே இருந்தால், ஒன்று பெட்டி பிந்தியது, இல்லை யாரோ பிரித்துப் பூட்டியிருக்கிறார்கள்.

சரி, இப்போது எழுத்துக்கு வருவோம். கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், தின்னர் பக்கமே போகாதீர்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பலகையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் போனில் படம் எடுங்கள். சாயத்துக்குச் சின்னதாக ஒரு தடிப்பு உண்டு, அதன் நிழல் விழும். ஒரு பெட்டியில் மேலே கையெறி குண்டு என்று தெளிவாக எழுதியிருந்தது. டார்ச்சைச் சாய்த்ததும் பச்சைக்கு அடியிலிருந்து துப்பாக்கித் தோட்டாவின் அளவு எண் ஒன்று மேடாக எழுந்து வந்தது. உள்ளளவும் அந்த எண்ணுக்குத்தான் பொருந்தியது.

மூன்று கோடுகள் ஒரு முனையில் சேரும் அம்புக்குறி பிரிட்டிஷ் அரசு சொத்தின் முத்திரை. அம்பு சி என்ற ஆங்கில எழுத்துக்குள் இருந்தால் கனடா, இரண்டு டி எழுத்துகளுக்கு நடுவில் இருந்தால் ஆஸ்திரேலியா, அடியில் ஐ இருந்தால் இந்தியா. ஆனால் இந்த முத்திரையைச் சுத்தியல், கூடாரக்கம்பு, தண்ணீர்ப் பாட்டில் என்று எல்லாவற்றிலும் குத்தினார்கள். அரசாங்கச் சொத்து என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் சாமான்களில் கழுகுச் சின்னத்தோடு ஓர் எண் வரும்; அது பரிசோதித்து ஏற்றதற்கான அடையாளம். சோவியத் தோட்டாப் பெட்டிகளில் வருடத்தோடு தொழிற்சாலை எண்ணும் வரும். 17 என்றால் பர்னவுல் நகரத் தொழிற்சாலை, 188 என்றால் நோவோசிபிர்ஸ்க் நகரத்துடையது.

நான்கு, இரண்டு, மூன்று, நான்கு எனப் பிரித்து எழுதிய 13 இலக்க எண் கிடைத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். அது நேட்டோ ராணுவக் கூட்டணி நாடுகள் சரக்குகளுக்குக் கொடுக்கும் இருப்பு எண். 1305 என்று தொடங்கினால் 30 மி.மீ. விட்டம் வரையிலான தோட்டா, 1330 என்றால் கையெறி குண்டு வகை, 1005 என்றால் 30 மி.மீ. குழல் விட்டம் வரையிலான துப்பாக்கி. அடுத்த இரண்டு இலக்கம் நாடு: 00, 01 அமெரிக்கா, 99 பிரிட்டன், 12 ஜெர்மனி. சாய்ந்த சதுரத்துக்குள் 1.4எஸ் என்று பார்த்தால் அது வெடிபொருள்களுக்கான ஐ.நா. அபாய வகைக் குறியீடு, உலகப்போர்ப் பெட்டியில் அதற்கு வேலையில்லை.

போலிகளும் ஏராளம். கீறலுக்குள்ளும் பலகைச் சில்லு பெயர்ந்த இடத்துக்குள்ளும் எழுத்தின் சாயம் இறங்கியிருந்தால், அந்த எழுத்து கீறலுக்குப் பிறகு வந்தது. இது ஒன்றை வைத்தே பாதிப் போலிகளைக் கழித்துவிடலாம்.

அப்புறம், இழைத்து டீப்பாய் ஆக்கும் யோசனை இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். அமெரிக்க ராணுவம் உட்படப் பலரும் மரம் உளுத்துப் போகாமலிருக்கப் பென்டாகுளோரோஃபீனால் போன்ற நச்சு மருந்தை ஏற்றினார்கள். பழைய சாயத்தில் ஈயமும் இருக்கலாம். மணல்தாள் போட வேண்டாம், உடைந்த பலகையை அடுப்பில் எரிக்க வேண்டாம், சாப்பாட்டுச் சாமானும் அதில் வைக்க வேண்டாம்.