விதை, விளக்கு, மண்: குளிர்கால முடிவில் எதை வாங்குவது?

கேள்வி: டொராண்டோ, ஸ்காபரோவில் இருக்கிறோம். இந்த வருடம் கத்தரி, மிளகாய், தக்காளி, பாகல் எல்லாவற்றுக்கும் வீட்டுக்குள்ளேயே நாற்று விட ஆசை. 72 குழியுள்ள நாற்றுத் தட்டு, மூடி, வெப்ப விரிப்பு, குட்டி விளக்கு எல்லாம் சேர்த்து ஒரு செட்டாகக் கடையில் வைத்திருக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: விட்டுவிடுங்கள். அந்தச் செட்டில் காசு போவது பெரும்பாலும் பிளாஸ்டிக்குக்கு. தயிர் டப்பாவின் அடியில் நாலு ஓட்டை போட்டால் தட்டு வேலை முடிந்தது. மிச்சமாகும் பணத்தை விளக்கில் போடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பினால் நாற்று கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, நூல் மாதிரி நீண்டு, வெளியே நட்டதும் படுத்துவிடும்.

‘க்ரோ லைட்’ என்று பெயர் போட்டதுதான் வேண்டும் என்பதில்லை. கராஜில் மாட்டும் 4 அடி எல்இடி ஷாப் லைட், சுமார் 40 வாட், 5000 கெல்வின் வெள்ளை வெளிச்சம் போதும். நாற்றின் தலைக்கு மேல் ஒரு சாணுக்குள் தொங்கவிட்டு, தினமும் 14 முதல் 16 மணி நேரம் எரிய விடுங்கள். ஒரு நாளைக்கு முக்கால் யூனிட் கூட ஆகாது. இணையத்தில் வாங்குவதானால், ‘1000 வாட்டுக்குச் சமம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அது விளம்பர எண். உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது என்பது பொடி எழுத்தில் எங்காவது இருக்கும். விலையை அதோடு ஒப்பிடுங்கள். அது எங்கேயும் இல்லை என்றால் அந்த விளக்கே வேண்டாம்.

வெப்ப விரிப்பு மிளகாய்க்கும் கத்தரிக்கும் உதவும். மண் 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால் அவை சுருக்க முளைக்கும். குளிர்ந்த அறையில் வாரக்கணக்கில் காக்க வைக்கும். தக்காளிக்கு அறைச் சூடே போதும். முளை வந்ததும் விரிப்பை எடுத்துவிடுங்கள். ஈரத்துக்குப் பக்கத்தில் ஓடும் மின்பொருள் என்பதால், சிஎஸ்ஏ போன்ற பாதுகாப்பு முத்திரை இல்லாததை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

அப்புறம், தேதி. உங்கள் ஊர்த் தோட்டக்காரர்கள் விக்டோரியா தின விடுமுறை வரை, அதாவது மே 24-க்குள் வரும் கடைசித் திங்கள் வரை, உறைபனிக்குப் பயப்படுவார்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மிளகாய், கத்தரிக்கு 8 முதல் 10 வாரம். தக்காளிக்கு 6 முதல் 8. பாகலுக்கு 3 அல்லது 4. ஆக, மிளகாய்க்கே மார்ச்சில்தான் வேலை. ஜனவரியிலேயே விதைப் பாக்கெட்டுகளை வாசலில் அடுக்குவது கடைக்காரரின் பருவம், உங்களுடையது அல்ல. பாகலைத் தனித்தனிக் கப்பில் போடுங்கள், அதன் வேரைக் கலைக்கக் கூடாது.

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். விதைப்பதற்கான கம்போஸ்ட் மூட்டையைவிடத் தேங்காய் நார்க் கட்டி மலிவாகத் தெரிகிறது. எது லாபம்?

பதில்: கிலோவைப் பார்க்காதீர்கள், லிட்டரைப் பாருங்கள். 650 கிராம் கட்டி ஊறினால் 8, 9 லிட்டர் வரும். பொள்ளாச்சியிலும் இலங்கையிலும் பெரிய ஏற்றுமதித் தொழில் இது. உப்புநீரில் ஊறிய மட்டையாக இருந்தால் அந்த உப்பு நாற்றைக் கருக்கும். ‘கழுவியது’ என்று குறித்ததை வாங்குங்கள், சந்தேகம் இருந்தால் நீங்களும் ஒருமுறை அலசிக்கொள்ளுங்கள். நாரில் சத்து கிடையாது. முளைக்கும் வரை சரி, வித்திலைக்கு அடுத்த இலை வந்ததும் திரவ உரத்தைப் பாதி அளவில் கலந்து ஊற்ற வேண்டும். இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. தோட்டத்து மண் இலவசம்தான், நாற்றழுகலும் அதோடு இலவசமாக வரும்.

கேள்வி: நான் டாலஸில், அக்கா வான்கூவரில். இரண்டு ஊரும் ஏறக்குறைய 8-ஆம் மண்டலம் என்கிறது, எந்தச் செடி எங்கே குளிரைத் தாங்கும் என்று காட்டும் மண்டல வரைபடம். அப்படியானால் இருவரும் ஒரே ரகத் தக்காளியை ஒரே சமயத்தில் விதைக்கலாமா?

பதில்: முடியாது. அந்த எண் குளிர்காலம் எவ்வளவு கடுமை என்பதைத்தான் சொல்லும், விதைக்கும் தேதியை அல்ல. டாலஸில் மார்ச் நடுவில் உறைபனி ஓய்ந்துவிடும். ஜூலை வெயிலில் தக்காளிப் பூ உதிரும். அதற்குள் காய்த்தாக வேண்டும் என்பதால் நீங்கள் ஜனவரியிலேயே விதைக்க வேண்டும். அக்காவுக்கு மே வரை இரவுக் குளிர். அவர் மார்ச்சில் தொடங்கினால் போதும். இருவருமே சீக்கிரம் காய்க்கும் ரகமாக வாங்குங்கள், காரணம்தான் வேறு. பாக்கெட்டில் ‘65 நாள்’ என்று இருந்தால், தக்காளிக்கு அது பெரும்பாலும் நாற்றை நட்ட நாளிலிருந்து எண்ணுவது.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். கறிவேப்பிலை விதையும் ஊர் அவரை விதையும் ஆன்லைனில் பார்த்தேன். நம்பி வாங்கலாமா?

பதில்: கறிவேப்பிலை விதை வேண்டவே வேண்டாம். பழுத்த கையோடு போட வேண்டியது அது. காய்ந்து பொட்டலத்தில் கிடந்தால் உயிர் போய்விடும். கன்றாக வாங்குங்கள். எலுமிச்சை இனத்தைத் தாக்கும் பூச்சி ஒட்டிவரும் என்பதால் அமெரிக்காவில் கன்றுகளை இடம் மாற்றக் கட்டுப்பாடுகள் உண்டு, சான்றோடு அனுப்பும் நர்சரியாகப் பாருங்கள்.

அவரையில் வேறு சிக்கல். நம்மூர் ரகங்கள் பலவும் பகல் குறுகினால்தான் பூக்கும். கோடை முழுக்கக் கொடி வேலியெல்லாம் படரும், செப்டம்பரில் பூக்கும், காய் திரளும்போது பனி விழும். பகல் நீளம் பாராமல் பூக்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். அதே தளத்தில் நீல ஸ்ட்ராபெரி படமும் போட்டிருந்தால் கேள்வியே வேண்டாம், வெளியே வந்துவிடுங்கள். அப்படி ஒரு பழம் கிடையாது.

கேள்வி: மெல்பர்னில் எங்களுக்கு ஆகஸ்டில்தான் குளிர்காலம் முடிகிறது. அம்மா ஊரிலிருந்து வருகிறார், கொஞ்சம் கத்தரி விதை கொண்டுவரச் சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள். வயதானவரை விமான நிலையத்தில் பதில் சொல்ல வைக்க வேண்டாம். எந்த விதையானாலும் வருகை அட்டையில் அறிவித்தாக வேண்டும்; மறைத்தால் அபராதம். தாளில் மடித்த வீட்டு விதை பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும். அங்கேயே விற்கும் விதையை வாங்கி, ஆகஸ்டில் வீட்டுக்குள் போடுங்கள். நவம்பர் முதல் செவ்வாய், மெல்பர்ன் கோப்பை நாளுக்குள் தக்காளி நடுவது உங்கள் ஊர் வழக்கம். கத்தரியும் அதையொட்டிப் போகட்டும்.

கேள்வி: போன வருடப் பாக்கெட்டுகள் மிச்சம் இருக்கின்றன. புதிது வாங்க வேண்டுமா?

பதில்: தக்காளி நாலு வருடம் வரை தாங்கும், மிளகாய் இரண்டு மூன்று வருடம். சந்தேகமானால் பத்து விதையை ஈரத்தாளில் சுற்றிச் சூடான இடத்தில் வையுங்கள். ஆறு ஏழு முளைத்தால் கொஞ்சம் நெருக்கமாகத் தூவிச் சமாளிக்கலாம். வெங்காய விதை என்றால் சோதனைகூட வேண்டாம், புதிதாகவே வாங்குங்கள்.