கடலைப் படிக்க எங்கே தேடுவது? கேள்வி பதில்

கடற்கரை ஊர் ஒன்றின் கல்லூரியில் 22 ஆண்டுகள் நூலகராக இருந்தவன் நான். கடலியல், கடல்வாழ் உயிரினங்கள் ஆகியவற்றைப் படிக்க நூல்களையும் இணைய வளங்களையும் எங்கே தேடுவது என்று கேட்டவர்களுக்கு இங்கே விடை எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: முதுகலை விலங்கியல் படிக்கிறேன். சங்கைப் பற்றித் திட்டக் கட்டுரை எழுத வேண்டும். இணையத்தில் தேடினால் பூஜைப் பொருள் விற்கும் கடைகளும் வலம்புரிச் சங்கின் பலன்களும்தான் வருகின்றன. எங்கே தொடங்குவது? (மேரி, தூத்துக்குடி)

பெயரில் தொடங்குங்கள். ‘சங்கு’ என்று தேடினால் கடைதான் வரும். அதன் அறிவியல் பெயரான டர்பினெல்லா பைரம் என்பதை ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்தால் கட்டுரைகள் வரத் தொடங்கும். ஆனால் அதோடு நின்றுவிட்டால் பாதிக் கட்டுரைகள் கைக்கு வராமலே போகும். ஏனென்றால் நம் நாட்டில் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பட்ட பல ஆய்வுகள் இதே உயிரினத்தை ஸான்கஸ் பைரம் என்று குறிப்பிடுகின்றன. எங்கள் கல்லூரி விலங்கியல் காட்சிக்கூடத்தில் சங்கின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் அந்தப் பழைய பெயர்தான் இருந்தது. அதை மட்டும் வைத்துத் தேடிய மாணவர் ஒருவர், புதிய ஆய்வே நடக்கவில்லை என்று முன்னுரையில் எழுதி, வாய்மொழித் தேர்வில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். சீட்டை மாற்றச் சொல்லாத குற்றம் என்னுடையதும்தான்.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்கென்றே ‘வேர்ல்ட் ரெஜிஸ்டர் ஆஃப் மரைன் ஸ்பீசீஸ்’ என்ற பதிவேடு இருக்கிறது. வோர்ம்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பெல்ஜியத்தில் உள்ள ஃபிளாண்டர்ஸ் கடல் நிறுவனம் இதைப் பராமரிக்கிறது. எந்தப் பெயரைக் கொடுத்தாலும் அது இன்று ஏற்கப்பட்ட பெயரா, கைவிடப்பட்ட பெயரா, கைவிடப்பட்டதென்றால் இப்போது வழங்கும் பெயர் எது என்று காட்டிவிடும். அங்கே கிடைக்கும் எல்லாப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதன் பிறகு மற்ற தளங்களுக்குப் போங்கள்.

அடுத்த இடம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மின்காப்பகம். 1947-இல் தொடங்கி, மண்டபத்தில் பல்லாண்டுகள் இயங்கி, 1971-இல் தலைமையிடத்தைக் கொச்சிக்கு மாற்றிய இந்த நிலையத்தின் வெளியீடுகளில் பெரும்பகுதியை அங்கே காசில்லாமல் தரவிறக்கிக்கொள்ளலாம். சங்கு குளிப்பு, முத்துச்சிப்பி, பவளத்திட்டு என்று மன்னார் வளைகுடாவைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத சிறு குறிப்புகள்கூட அங்கே உண்டு. தூத்துக்குடியிலேயே அந்நிலையத்தின் மையமும் மீன்வளக் கல்லூரியும் இருப்பதால் நீங்கள் கொடுத்துவைத்தவர். துறைத்தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள். இன்னும் பின்னோக்கிப் போக வேண்டுமானால், ஜேம்ஸ் ஹார்னெல் சென்னை மாகாண மீன்துறைக்காக 1914-இல் எழுதிய சங்கு பற்றிய தனிநூல் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இருக்கிறது.

கேள்வி: நான் படகில் போகிறவன். வலையில் வரும் மீனுக்கு எங்கள் ஊரில் ஒரு பெயர், கொள்முதல் செய்ய வருபவர் சொல்வது வேறு பெயர். செல்பேசியிலேயே சரிபார்க்க வழி உண்டா? (ஜெரால்டு, பாம்பன்)

உண்டு. ஆனால் ஊர்ப்பெயரை மட்டும் நம்பினால் ஏமாற வேண்டியிருக்கும். தூத்துக்குடியில் சீலா என்றால் அது வஞ்சிரம். சென்னைச் சந்தையில் ஷீலா என்று கேட்டால் உங்கள் பக்கத்தில் ஊழி என்று சொல்லும் மீனை நிறுத்துப் போடுவார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பம், விலையும் வேறு. ஃபிஷ்பேஸ் என்ற தளத்தில் 35,000-க்கும் மேற்பட்ட மீனினங்கள் பதிவாகியுள்ளன. அதில் பொதுப்பெயர் என்னும் பகுதியில் மொழிவாரியாகத் தேடலாம். தமிழ்ப் பெயர்களும் ரோமன் எழுத்தில் இருக்கின்றன. ஒரு பெயருக்கு நான்கைந்து மீன் வந்தால் குழம்பாமல் நான்கையும் திறந்து படத்தைப் பாருங்கள்.

படத்தைவிட உறுதியானது உடற்குறி. வஞ்சிர இனங்களில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பின் பக்கவாட்டில் செவுளிலிருந்து வால் வரை ஓடும் கோடு, இரண்டாம் முதுகுத் துடுப்பின் முடிவுக்குக் கீழே சட்டென்று மடிந்து இறங்கி, உடம்பில் குறுக்குக் கோடுகளும் இருந்தால் அது ஸ்கோம்பெரோமோரஸ் கொமர்சன். கோடு அப்படி மடியாமல் மெல்ல வளைந்து போய், உடம்பில் வட்டப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் அது ஸ்கோம்பெரோமோரஸ் குட்டாட்டஸ். இப்படி ஒவ்வொரு மீனுக்கும் எதைப் பார்க்க வேண்டும் என்று கோட்டோவியத்தோடு விளக்கும் இனங்காணும் தாள்களை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு வெளியிட்டிருக்கிறது. அவை அந்த அமைப்பின் தளத்தில் இலவசம். ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, ஆனால் ஓவியத்தைப் பார்க்க ஆங்கிலம் வேண்டியதில்லை, உங்கள் கண் என் கண்ணைவிடத் தேர்ந்தது.

பெயர் தெரியாத உயிரினம் ஏதேனும் வந்தால் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படம் ஏற்றுங்கள், இனமறிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். தலை, வால், துடுப்பு விரித்த நிலை என்று மூன்று படமாவது எடுங்கள். அளவு தெரிய அருகில் ஒரு தீப்பெட்டியை வையுங்கள்.

கேள்வி: தேவையான கட்டுரைகள் எல்லாம் பணம் கேட்கின்றன. ஒரு கட்டுரைக்கே மூவாயிரம் ரூபாய் வருகிறது. நான் படிப்பது சுயநிதிக் கல்லூரி. (கார்த்திக், நாமக்கல்)

2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரு நாடு ஒரு சந்தா’ திட்டத்தில் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் திறந்துவிடப்பட்டுள்ளன. ஆனால் அது மத்திய, மாநில அரசுகள் நடத்தும் கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் மட்டுமே. உங்களுக்குக் கிடைக்காது என்பது எனக்கும் வருத்தம்தான். அருகில் உள்ள அரசுக் கல்லூரியின் நூலகரைப் போய்ப் பாருங்கள். அவர் என்ன செய்ய முடியும் என்பது அங்குள்ள விதிகளைப் பொறுத்தது.

நீங்களாகச் செய்யக்கூடியவை இவை. அன்பேவால் என்ற உலாவி நீட்சியைச் சேர்த்துக்கொண்டால், பணம் கேட்கும் கட்டுரைக்குச் சட்டப்படியான இலவசப் படி வேறெங்கேனும் இருந்தால் அதைக் காட்டும். கூகுள் ஸ்காலரில் ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற இணைப்பைத் தவறாமல் அழுத்துங்கள். அதுவும் பலிக்காவிட்டால் கட்டுரையாளருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். தயங்க வேண்டாம், தம் கட்டுரையை ஒருவர் தேடிப் படிக்கிறார் என்பது எந்த ஆய்வாளருக்கும் மகிழ்ச்சியே.

எல்லோரும் கவனிக்காமல் விடுவது ஆய்வேடுகளை. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மத்திய அமைப்பான இன்ஃபிளிப்நெட் நடத்தும் ஷோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் முழுமையாகவே கிடைக்கின்றன. 1961 முதல் பரங்கிப்பேட்டையில் இயங்கிவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் ஆய்வேடுகளை அங்கே தேடுங்கள். பத்துப் பக்கக் கட்டுரையில் விட்டுப்போன செய்முறை விவரம் முழுவதும் ஆய்வேட்டில் இருக்கும். பின்னிணைப்பில் உள்ள நூற்பட்டியல் உங்களுக்கு ஒரு மாத வேலையை மிச்சப்படுத்தும்.

கேள்வி: வணக்கம் ஐயா. மன்னார்ப் பக்கத்து முத்துச் சலாபம் (முத்துக்குளிப்பு) பற்றியும் அங்குள்ள கடலுயிர்கள் பற்றியும் தேடுகின்றேன். இலங்கைப் பக்கத்து மூலங்கள் எங்கே கிடைக்கும்? (தர்சன், யாழ்ப்பாணம்)

பழைய மூலங்களில் முதன்மையானது, இலங்கை அரசுக்காக விலங்கியலாளர் டபிள்யூ. ஏ. ஹெர்ட்மன் தயாரித்த மன்னார் வளைகுடா முத்துச்சிப்பி அறிக்கை. 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக லண்டன் ராயல் சொசைட்டி அதை வெளியிட்டது. பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி தளத்தில் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். ஒரு பக்கத்தில் வரும் அறிவியல் பெயர்களை ஓரத்தில் தனியே பட்டியலிட்டுத் தருவது அத்தளத்தின் சிறப்பு. பார்களின் (சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளின்) வரைபடங்களும் பஞ்சுயிரி, மெல்லுடலி, ஓட்டுடலி என்று அங்கு வாழ்பவற்றின் பட்டியல்களும் இன்றும் பயன்படும்.

இரண்டு எச்சரிக்கைகள். அதில் முத்துச்சிப்பியின் பெயர் மார்கரிட்டிஃபெரா வல்காரிஸ் என்று இருக்கும், இன்று பிங்க்டாடா ஃபுகாட்டா என்று தேட வேண்டும். அடுத்து, நாடாப்புழுவின் இளம்புழுதான் முத்துக்குக் கருவாகிறது என்று ஹெர்ட்மன் வாதிட்டார். அந்தக் கருத்து பின்னர் கைவிடப்பட்டது. உயிரினப் பட்டியலை எடுத்துக்கொண்டு கோட்பாட்டை விட்டுவிடுங்கள்.

புதிய ஆய்வுகளுக்கு, கொழும்பு மட்டக்குளியில் உள்ள நாரா என்னும் தேசிய நீர்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தை நாடுங்கள். உலகெங்கும் உள்ள கடல், நன்னீர் ஆய்வு நிறுவனங்களின் வெளியீடுகளைச் சேர்த்து வைக்கும் அக்வாடாக்ஸ் காப்பகத்திலும் இலங்கைக் கட்டுரைகள் உண்டு. தமிழில் வந்த பழைய இதழ்களுக்கும் ஊர் வரலாறுகளுக்கும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தைச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: பொறியியல் மாணவி. எனக்கு உயிரினம் வேண்டாம். கடலின் வெப்பநிலை, உப்புத்தன்மை, ஆழம் ஆகிய தரவுகள் வேண்டும். (நிவேதா, சென்னை)

வெப்பநிலைக்கும் உப்புத்தன்மைக்கும் ஆர்கோ மிதவைகள். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 மிதவைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, அங்கிருந்து அளந்துகொண்டே மேலே வந்து, செயற்கைக்கோளுக்குத் தரவை அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். இந்தியாவில் இத்தரவைக் கையாள்வது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் சேவை மையம். வங்கக் கடலில் ஒரு மிதவையைத் தேர்ந்தெடுத்து, அதன் ஓராண்டுத் தரவை மட்டும் இறக்கிப் பாருங்கள். பருவமழையை ஒட்டி ஆற்றுநீர் வந்து சேரும்போது மேற்பரப்பில் உப்பு குறைவதை நீங்களே கோட்டுப்படமாக வரைந்துவிடலாம். கோப்பு நெட்சிடிஎஃப் வடிவில் இருக்கும். எக்செல்லில் திறக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். ஓஷன் டேட்டா வியூ என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே உருவானது.

ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் ஒரு தரக்குறி எண் இருக்கும். 1 என்றால் நல்ல அளவு, 4 என்றால் தள்ள வேண்டியது. அந்தக் குறியைப் பார்க்காமல் சராசரி எடுத்தவர்களின் திட்ட அறிக்கையில் கடல் கொதித்திருக்கிறது, உறைந்தும் இருக்கிறது.

ஆழத்துக்கு ஜெப்கோ. 1903-இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆதரவில் தொடங்கிய இந்த வரைபட முயற்சி, இன்று ஏறத்தாழ 450 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவில் உலகக் கடல்தரை முழுவதையும் இலவசமாகத் தருகிறது. பல இடங்களில் அது நேரில் அளந்த ஆழமல்ல, செயற்கைக்கோளிலிருந்து கணித்தது. எது எப்படி வந்தது என்று சொல்லும் துணைக்கோப்பையும் சேர்த்தே இறக்குங்கள்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஏதாவது? (ஆசிரியை, வேதாரண்யம்)

குறைவுதான். பாடநூல் கழகத்தின் மேல்வகுப்புப் புவியியல் நூலில் கடல் பற்றிய பகுதிகளை எடுத்துச் சுருக்கிச் சொல்லலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் சில கட்டுரைகள் நன்றாக இருக்கின்றன, சில அரைகுறை. முடிந்தால் மண்டபத்தில் உள்ள கடல்வாழ் உயிரினக் காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். உங்கள் ஊரிலேயே கொண்டலும் கச்சானும் சோழகமும் எப்போது வீசும் என்று சொல்லும் பெரியவர் ஒருவரை வகுப்புக்கு வரச் சொன்னால், அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடான நூல் எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: பெரிய நூலகத்துக்குப் போனால் கடல் நூல்கள் எந்த அடுக்கில் என்றே தெரியவில்லை. ஓர் இடத்தில் பத்து நூல், இன்னோர் இடத்தில் பத்து நூல். (ரஹீம், காயல்பட்டினம்)

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிடும் டூயி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகங்களில் கடலியல் 551.46-இல் இருக்கும், அது நிலவியல் பக்கம். மெல்லுடலிகள் 594, மீன்கள் 597, மீன்பிடித் தொழில் 639.2. குழப்பம் எங்கே வருகிறதென்றால் கடல் உயிரியலில். பழைய பதிப்பின்படி அது 574.92, பின்னர் 574 என்ற எண்ணே நீக்கப்பட்டு 578.77-க்கு மாறியது. பழைய நூல்களுக்கு எண்ணை மாற்றி ஒட்ட எந்த நூலகத்திலும் ஆள் இல்லை. அதனால் இரண்டு அடுக்குகளையும் பாருங்கள்.

1896-இல் திறக்கப்பட்ட சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போவதானால், பழைய அரசு அறிக்கைகளைப் பொது அடுக்குகளில் தேடாதீர்கள். தலைப்பு, ஆண்டு, வெளியிட்ட துறை மூன்றையும் தாளில் எழுதி நூலகரிடம் கொடுங்கள். குருசடைத் தீவின் கடலோர உயிரினங்கள் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இல் வெளியிட்ட தொகுதியை ஒருவர் ‘தீவு பற்றிய புத்தகம்’ என்று கேட்டால் கிடைக்காது. ‘அருங்காட்சியக புல்லட்டின், 1927’ என்று கேட்டால் எங்கே தேட வேண்டும் என்று நூலகருக்குத் தெரியும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவிடம் கேட்டேன். ஆவுளியா (கடற்பசு) பற்றி ஆறு கட்டுரைகளைத் தலைப்போடு தந்தது. நான்கைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. (ப்ரீத்தி, கோவை)

அந்த நான்கும் எழுதப்படாத கட்டுரைகளாக இருக்கலாம். இப்போது வரும் கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் டி.ஓ.ஐ. என்னும் தனி அடையாள எண் உண்டு, அதை இணையத்தில் இட்டுப் பாருங்கள். பழைய இந்திய இதழ்களுக்கு அந்த எண் இல்லாமலும் இருக்கலாம் என்பதால், இதழின் பெயர், தொகுதி, பக்கம் மூன்றையும் வைத்து அவ்விதழின் பொருளடக்கத்தில் சரிபாருங்கள். அந்தப் பக்கத்தில் வேறொருவர் இறால் பற்றி எழுதியிருந்தால் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். ஆவுளியாவுக்கு, டூகாங் டூகான் என்ற பெயரை ரோமன் எழுத்தில் கொடுத்து மேலே சொன்ன கொச்சி மின்காப்பகத்தில் தேடுங்கள். பாக் விரிகுடாவில் 2022-இல் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகம் அறிவிக்கப்பட்ட அரசாணையையும் சேர்த்துப் படியுங்கள்.