கட்-ஆஃப் 191.5: கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?

கேள்வி: "மகளுக்கு பி.இ. கட்-ஆஃப் 191.5, பிசி வகுப்பு. பி.எஸ்.ஜி. டெக், கோவை சி.ஐ.டி., மதுரை தியாகராஜர் ஆகியவற்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்க வாய்ப்பு உண்டா?"

முதலில் நேரடியாகப் பதில். பி.எஸ்.ஜி. டெக்கில் கம்ப்யூட்டர் சயின்ஸை எதிர்பார்க்க வேண்டாம். சமீப ஆண்டுகளில் அது பிசி வரிசையிலும் 195-க்கு மேலேயே முடிந்துவிடுகிறது. மற்ற இரண்டிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கஷ்டம்தான், ஆனால் பட்டியலில் போடாமல் விடக்கூடாது. அதே இரண்டு கல்லூரிகளில் மெக்கானிக்கல், சிவில் போன்ற பிரிவுகளுக்கு நம்பிக்கையோடு இருக்கலாம்.

இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல உங்கள் கேள்வியில் இருக்கும் தகவல் போதாது. எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கலந்தாய்வு சமயத்தில் உட்கார்ந்து சாய்ஸ் லிஸ்ட் (கல்லூரி, பிரிவு விருப்பப் பட்டியல்) போட்டுக் கொடுப்பதைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். எல்லாப் பெற்றோரும் கட்-ஆஃப் மதிப்பெண்ணை மட்டும் சொல்லித்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கம்யூனிட்டி ரேங்க், அதாவது சொந்த வகுப்பினருக்குள் எத்தனையாவது இடம், என்ன?

ஏன் என்று சொல்கிறேன். 200-க்கு 200 கட்-ஆஃப் வாங்கியவர்கள் 2023-இல் 102 பேர். 2024-இல் 65 பேர். 2025-இல் 144 பேர். ஒரே மதிப்பெண், ஆனால் அந்த மதிப்பெண்ணில் நிற்கும் கூட்டம் ஒரே வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. உச்சியில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். இரண்டு ஆண்டுகளிலும் பொதுக் கலந்தாய்வின் முதல் சுற்றுக்கு 179 வரை கூப்பிட்டார்கள். 2024-இல் அந்த 179-க்குள் இருந்தவர்கள் சுமார் 26 ஆயிரம் பேர், 2025-இல் சுமார் 39 ஆயிரம் பேர். அதாவது 2024-இன் கடைசிக் கட்-ஆஃபை வைத்துக்கொண்டு 2025-இல் கணக்குப் போட்டவர்களுக்கு, தங்களுக்கு முன்னால் பல ஆயிரம் பேர் புதிதாக வந்து நிற்பதே தெரிந்திருக்காது.

காரணம் பிளஸ் டூ தேர்வுத் தாளில் இருக்கிறது. வேதியியலில் 2024-இல் சென்டம், அதாவது நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் 471 பேர்தான். 2025-இல் 3,181 பேர். இயற்பியலில் 633-ஆக இருந்தது 1,125 ஆனது. கணிதத்திலும் கொஞ்சம் கூடியது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று சேர்த்துத்தான் கட்-ஆஃப் வருகிறது. வேதியியல் தாள் சுலபமாக வந்தால் எல்லாருக்கும் ஒன்றிரண்டு மதிப்பெண் ஏறும், வரிசையில் யாருடைய இடமும் பெரிதாக மாறாது. மகளுக்கு 191.5 வந்தது சந்தோஷம்தான். ஆனால் அது எத்தனையாவது இடம் என்பதுதான் சீட்டைத் தீர்மானிக்கும். அதனால் பிளஸ் டூ ரிசல்ட்டோடு வெளியான சென்டம் எண்ணிக்கையைப் போன வருடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று பாடத்திலும் எகிறியிருந்தால் போன வருடக் கட்-ஆஃபோடு ஏதாவது கூட்டித்தான் யோசிக்க வேண்டும். அப்புறம், 2021-ஆம் ஆண்டுக் கணக்கை யாராவது காட்டினால் ஒதுக்கிவிடுங்கள். அந்த வருடம் கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களையும் பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீட்டையும் சேர்த்துத்தான் மார்க் போட்டார்கள்.

ரேங்க் லிஸ்ட் வந்ததும் இரண்டு எண்கள் கையில் இருக்கும். ஒன்று பொது ரேங்க், இன்னொன்று கம்யூனிட்டி ரேங்க். உங்கள் மகளுக்கு இரண்டு வாசலும் திறந்திருக்கிறது. ஓசி என்பது 31 சதவீதப் பொதுப்போட்டி இடம். அது எல்லா வகுப்பினருக்கும் உரியது, பலர் நினைப்பதுபோல் முற்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கியது இல்லை. கலந்தாய்வு மென்பொருள் அவர் முறை வரும்போது பட்டியலின் முதல் விருப்பத்தை எடுத்து, ஓசி-யில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் பிசி-யின் 26.5 சதவீதத்தில் பார்க்கும். அங்கும் இல்லையென்றால்தான் இரண்டாவது விருப்பத்துக்குப் போகும். ஆகவே ஒவ்வொரு கல்லூரி, ஒவ்வொரு பிரிவுக்கும் போன வருடம் பிசி-யில் கடைசியாக இடம் வாங்கியவரின் ரேங்க் என்ன என்று பாருங்கள். மகளின் பிசி ரேங்கை அதோடு ஒப்பிட்டால் போதும். உறவினர் வீட்டுப் பையனுக்கு இதே கட்-ஆஃபில் இன்ன கல்லூரி கிடைத்தது என்று யாராவது சொன்னால், அவன் எந்த வகுப்பு, எந்த வருடம் என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மகள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவரா? அப்படியென்றால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியலில் 2021 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்குத் தனி ரேங்க், தனிக் கணக்கு, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அந்த வரிசையில் 191.5 என்பது மிகப் பெரிய மதிப்பெண். நான் மேலே சொன்ன "எதிர்பார்க்க வேண்டாம்" எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கணக்குப் போட வேண்டியிருக்கும். தகுதி இருந்தும் விண்ணப்பத்தில் இதைச் சரியாகக் குறிப்பிடாமல் விட்டுவிட்டு, பிறகு அலையும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனது கேட்பதில்லை. தயவுசெய்து இதை இன்றே சரிபாருங்கள்.

சரி, போன வருடக் கடைசி ரேங்க் கிடைத்துவிட்டது. அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இங்கேதான் எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று கணித்துச் சொல்லும் பெரும்பாலான "பிரெடிக்டர்" தளங்கள் தடுக்கி விழுகின்றன. 60 இடம் கொண்ட ஒரு பிரிவு, சிறுபான்மை அல்லாத தனியார் சுயநிதிக் கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். அதில் 65 சதவீதம், அதாவது 39 இடம்தான் கலந்தாய்வுக்கு வரும். மீதி மேனேஜ்மென்ட் கோட்டா. அந்த 39-இல் ஓசி-க்குச் சுமார் 12, பிசி-க்குச் சுமார் 10. எஸ்.சி.க்கு ஐந்தாறு இடம். எஸ்.டி.க்கு ஒரு இடம் வந்தால் அதிகம். பத்து இடத்தின் கடைசி ரேங்க் என்பது பத்தாவது பிள்ளையின் மனசைப் பொறுத்தது. போன வருடம் நல்ல ரேங்க் எடுத்த இரண்டு பேர் அந்தக் கல்லூரியை விட்டு வேறு ஊருக்குப் போயிருந்தால் கடைசி ரேங்க் பல நூறு கீழே இறங்கியிருக்கும். இந்த வருடம் அதே நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இடங்கள் அதிகமுள்ள பிரிவில் இந்த ஆட்டம் குறைவு. அதனால் ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் மூன்று வருடம் பாருங்கள். மூன்று வருடக் கடைசி ரேங்கையும் விட மகள் முன்னால் இருந்தால் "வரும்" என்று எழுதுங்கள். மூன்றுக்கும் இடையில் விழுந்தால் "பார்க்கலாம்". மூன்றுக்கும் பின்னால், ஆனால் வெகு தூரத்தில் இல்லையென்றால் "போட்டு வைப்போம்". இந்த மூன்று சொல்லுக்கு மேல் துல்லியமாக, 72 சதவீத வாய்ப்பு என்றெல்லாம் யாராவது சொன்னால் அந்த எண்ணுக்கு அடிப்படை எதுவும் கிடையாது. அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸைப் பொறுத்தவரை இன்னொரு மாற்றமும் உண்டு. 2024-25 முதல் ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. பல தனியார் கல்லூரிகள் உடனே கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்களைக் கூட்டின. இடம் கூடிய கல்லூரியில் கடைசி ரேங்க் கீழே இறங்கும். ஆகவே ரேங்கை மட்டும் ஒப்பிடாமல் இந்த வருட இடங்களின் எண்ணிக்கையையும் சீட் மேட்ரிக்ஸில் (கல்லூரி, பிரிவு வாரியான இடப் பட்டியலில்) பாருங்கள். செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று புதிதாகத் தொடங்கிய பிரிவுக்குப் பழைய கணக்கே இருக்காது. அதே கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி. இரண்டும் எங்கே முடிந்தன என்று பார்த்து அதையொட்டி ஊகிப்பதுதான் ஒரே வழி. பெயருக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல். அந்த வரியையும் சாதாரணப் பிரிவின் வரியையும் கலந்து பார்க்கக் கூடாது.

சி.ஐ.டி. என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லவேளை கோவை என்றும் சேர்த்திருக்கிறீர்கள். சென்னையிலும் அதே சுருக்கப் பெயரில் ஒரு கல்லூரி இருக்கிறது. கல்லூரிக் கோடு எண்ணைப் பார்த்து மட்டுமே கணக்கு எடுங்கள், பட்டியலிலும் போடுங்கள்.

மகள் சி.பி.எஸ்.இ.யில் படித்திருந்தால் "நார்மலைசேஷன்" பற்றிக் கவலைப்படுவீர்கள். இரண்டு வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணையும் 100-க்குச் சமமாக்குவதுதான் அது. இரண்டிலும் யாராவது 100 வாங்கியிருந்தால் மாற்றமே இருக்காது.

இப்போது, நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயம். கிடைக்காத கல்லூரியை மேலே போட்டால் வாய்ப்பு வீணாகிவிடும், கிடைக்கக்கூடியதை முதலில் போட்டால் உறுதியாகும் என்று பல பள்ளிகளிலேயே சொல்லி அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் இது முழுக்கத் தவறு. மகளின் முறை வரும்போது மென்பொருள் மேலிருந்து கீழே வரும். பி.எஸ்.ஜி. கிடைக்கவில்லை என்றால் ஒரு இழப்பும் இல்லாமல் அடுத்த வரிக்கு வந்துவிடும். அதை முதலில் போட்டதற்காக இரண்டாவது விருப்பத்தில் யாரும் அவரைப் பின்னுக்குத் தள்ள மாட்டார்கள். ஆனால் "வரும்" என்று தெரிந்த கல்லூரியை முதல் வரியில் போட்டுவிட்டால், அதற்குக் கீழே எழுதிய எதற்கும் அர்த்தமில்லை. அந்த இடத்திலேயே நின்றுவிடும். நல்ல ரேங்க் எடுத்தும் பயத்தால் பட்டியலைத் தலைகீழாகப் போட்டு, தனக்கு எளிதாகக் கிடைத்திருக்கக்கூடிய கல்லூரியை இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெற்றோருக்கு எப்படி ஆறுதல் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எனவே வரிசை என்பது ஆசையின் வரிசையாகவே இருக்கட்டும். வாய்ப்புக் கணக்கு தேவைப்படுவது, பட்டியல் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதற்குத்தான். "வரும்" என்று உறுதியாகத் தெரியும் வரிகள் குறைந்தது பத்துப் பதினைந்து கடைசியில் இருக்க வேண்டும். எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இல்லை, நூறு வரி போட்டாலும் தப்பில்லை. கொஞ்சம் மட்டும் போட்டுவிட்டு நிறுத்தும் பிள்ளைகள் அந்தச் சுற்றில் இடமே இல்லாமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுகிறார்கள். அதற்குள் நல்ல இடங்கள் போய்விடும். கல்லூரியா, பிரிவா எது முக்கியம் என்பதைச் சாய்ஸ் ஃபில்லிங் தொடங்கும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். தியாகராஜரில் மெக்கானிக்கலா, இன்னொரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸா என்பதை அந்த மூன்று நாள் பரபரப்பில் முடிவு செய்ய முடியாது. நான்கு வருடம் அந்த வகுப்பில் உட்காரப் போவது மகள். அவர் சொல்வதுதான் வரிசை.

தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் உறுதி செய்ய இரண்டு நாள்தான் தருவார்கள். மேலே உள்ள விருப்பங்கள் காலியானால் அங்கே போக வேண்டும் என்றால் கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கும் "அக்செப்ட் அண்ட் அப்வர்ட்" கொடுக்கலாம். ஒதுக்கீடு பெற்றும் சேராமல் விடுபவர்களின் இடங்கள் அப்போது கீழே வரும். "போட்டு வைப்போம்" என்று எழுதிய வரிகளுக்கு உண்மையான வாய்ப்பு பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மேலே உள்ள இடம் கிடைத்துவிட்டால் முதலில் கிடைத்தது தானாக ரத்தாகிவிடும், திரும்பக் கேட்க முடியாது. ஆகவே கிடைத்தாலும் சேரமாட்டோம் என்று தோன்றும் எந்தக் கல்லூரியையும் பட்டியலின் மேல்பகுதியில் விட்டு வைக்காதீர்கள். ரேங்க் லிஸ்ட் வந்ததும் மகளின் பிசி ரேங்கை இங்கேயே எழுதுங்கள், அவருடைய பட்டியலை வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.