பழைய கணினியில் திறக்க மறுக்கும் லிப்ரே ஆபிஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 2011-இல் வாங்கிய கணினி, விண்டோஸ் 7. கடிதம், கணக்கு எழுத உதவும் லிப்ரே ஆபிஸ் மென்பொருளின் பழைய பதிப்பை நீக்கிவிட்டு அண்மைப் பதிப்பை நிறுவ முயன்றதிலிருந்து எதுவும் இயங்கவில்லை. கணினியின் காலம் முடிந்துவிட்டது, 38,000 ரூபாய்க்குப் புதியது தருகிறேன் என்கிறார் கடைக்காரர். வாங்கிவிடலாமா? (காரைக்குடி)

பதில்: இதற்காக வாங்க வேண்டாம். 2025 ஆகஸ்டில் வெளிவந்த 25.8 பதிப்பிலிருந்து லிப்ரே ஆபிஸ் விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றுக்கான ஆதரவைக் கைவிட்டுவிட்டது. அதற்கு முந்தைய 25.2 வரிசை உங்கள் கணினிக்குப் பொருந்தும். விண்டோஸ் 7-இல் சர்வீஸ் பேக் 1 என்ற மைக்ரோசாஃப்டின் மேம்பாட்டுத் தொகுப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். மென்பொருளை வெளியிடும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் தன் பழைய பதிப்புகளைக் காப்பகத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் பொதுவாக நின்றுவிட்டன. எனவே அந்தக் கணினியில் பேரேடு எழுதலாம், ஐந்தொகை போடலாம், கடிதம் அச்சிடலாம். இணைய வழியே வங்கிக் கணக்குக்குள் நுழையக் கூடாது.

கேள்வி: லிப்ரே ஆபிஸைத் திறந்தால் 'ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி' என்று தொடங்கும் டிஎல்எல் கோப்பு (மென்பொருள் இயங்கத் தேவைப்படும் துணைக் கோப்பு) இல்லை என்று வருகிறது. இணையத்தில் மூன்று தளங்களிலிருந்து அந்தக் கோப்பை இறக்கி 'சிஸ்டம் 32' கோப்புறையில் போட்டும் பயனில்லை. (தேவகோட்டை)

பதில்: முதலில் அந்த மூன்று கோப்புகளையும் நீக்கிவிட்டு வைரஸ் சோதனை செய்யுங்கள். உங்கள் கணினியில் இல்லாதது ஒரு தனிக் கோப்பு அன்று. மைக்ரோசாஃப்டின் 'யுனிவர்சல் சி ரன்டைம்' என்ற தொகுப்பே இல்லை. விண்டோஸ் 10-இல் அது உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 7-இல் தனியாக நிறுவ வேண்டும். மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்தில் கேபி 2999226 என்ற திருத்தத்தை இறக்கி நிறுவினால் பெரும்பாலும் சிக்கல் தீர்ந்துவிடும். யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத தளத்திலிருந்து எடுத்த கோப்பைக் கணினியின் மையக் கோப்புறைக்குள் ஒரு முறை போட்டதே தவறு, நீங்கள் மூன்று முறை போட்டிருக்கிறீர்கள். இந்தப் பகுதியில் இதை எத்தனை முறை எழுதிவிட்டேன்!

கேள்வி: வீட்டிலேயே முறுக்கும் மணகோலமும் செய்து விற்கிறேன். கணக்கு எழுத ஆபிஸ் வேண்டும் என்று கேட்டதற்கு, கணினி பழுது பார்க்கும் தம்பி 'லைசென்ஸ்' என்று சொல்லி 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். ரசீது இல்லை. அதன் பெயர் லிப்ரே ஆபிஸ் என்று இப்போதுதான் தெரிகிறது. பத்து நாளாக அதுவும் திறப்பதில்லை. பெயர்ப்பலகை போல ஒன்று ஒரு நொடி வந்து மறைந்துவிடுகிறது. ஆறு மாதக் கணக்கு உள்ளே இருக்கிறது. (ஓர் ஆச்சி, பள்ளத்தூர்)

பதில்: ஆச்சி, உங்கள் கணக்குப் பத்திரமாக இருக்கிறது. மென்பொருள் திறக்கவில்லை என்பதால் கோப்பு அழிந்துவிடுவதில்லை. முதலில் அந்தக் கோப்புகளை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டார்ட் பட்டியலில் லிப்ரே ஆபிஸின் கீழ் 'சேஃப் மோட்' என்று இருப்பதைச் சொடுக்குங்கள். வரும் பெட்டியில் 'ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன்' (திரையில் வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் வன்பொருளிடம் விடுவது) என்பதை நிறுத்தும் கட்டத்தில் குறியிட்டு மறுபடி தொடங்குங்கள். 2020-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து திரையில் வரைவதற்கு 'ஸ்கியா' என்ற முறை வந்தது. பழைய கிராஃபிக்ஸ் டிரைவர் உள்ள கணினிகளில் அது முரண்டு பிடிப்பதுண்டு. அப்படியும் திறக்காவிட்டால் அதே பெட்டியில் பயனர் அமைப்புகளைத் தொடக்க நிலைக்கு மாற்றும் வழி இருக்கிறது. அதனால் உங்கள் விருப்ப அமைப்புகள்தாம் போகும், கணக்கு போகாது.

இனிப் பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிப்ரே ஆபிஸ் யாரும் இலவசமாக இறக்கிப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள். அதை வீட்டுக்கு வந்து நிறுவிக் கொடுத்ததற்குக் கூலி கேட்பது நியாயம். அந்தக் கூலியைத் தரவும் வேண்டும். ஆனால் இல்லாத உரிமத்தின் பெயரைச் சொல்லி வாங்கிய பணம் கூலி ஆகாது, ஏமாற்று. பல ஆண்டுகளாக என் மனத்தை உறுத்தும் விஷயம் இது. 2014-இல் மதுரையில் ஒரு கடையில் 3,200 ரூபாய் கொடுத்து, 'வாழ்நாள் உரிமம்' என்ற பெயரில் ஓர் ஆபிஸ் குறுந்தகடு வாங்கினேன். ஆறு வாரத்தில் அது போலி என்று திரையிலேயே எச்சரிக்கை வந்தது. உறையை எடுத்துப் பார்த்தேன்: பின்புறம் ஒட்டியிருந்த எண்சீட்டு வெறும் ஒளிநகல், ஈர விரல் பட்டதும் மை கரைந்து வந்தது. ரசீது வாங்காததால் கடையில் என்னைத் தெரியாது என்றே சொல்லிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை.

உங்களுக்கு வழி இருக்கிறது. தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் ஆக முடியாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்குபவரும் நுகர்வோரே என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கைபேசி வழியே பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவே சான்று. முதலில் அந்தத் தம்பியிடம், எந்த நிறுவனத்தின் உரிமம், எண் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் சிவகங்கையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம். பணம் கொடுத்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணமே இல்லை.

கேள்வி: ஜாவா என்ற துணை மென்பொருள் இல்லாமல் லிப்ரே ஆபிஸ் திறக்காது என்று 500 ரூபாய் கேட்கிறார்கள். (புதுவயல்)

பதில்: திறக்கும், பேஸ் என்ற தரவுத்தளப் பகுதி போன்ற சிலவற்றுக்குத்தான் ஜாவா வேண்டும், அதற்கும் ஜாவாவின் இலவச வடிவமான ஓப்பன் ஜேடிகே போதும்.

கேள்வி: அரசு தந்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இருக்கிறது. நிறுவும்போதே, இந்தப் பிராசஸருக்குப் பொருந்தாது என்கிறது. (திருமயம்)

பதில்: நீங்கள் இறக்கியது 64 பிட் விண்டோஸுக்கான கோப்பு, விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோ 32 பிட் வகை, அதில் இது இயங்காது. 25.2 வரிசையின் 32 பிட் கோப்பை இறக்குங்கள்.

கேள்வி: திறக்க மூன்று நிமிடம் ஆகிறது. ரேம் கூட்டினால் சரியாகுமா? (கானாடுகாத்தான்)

பதில்: 2 ஜிபி இருந்தாலே லிப்ரே ஆபிஸ் திறக்கும், தாமதத்துக்குப் பெரும்பாலும் சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கே காரணம். அதே பணத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்) ஒன்றைப் போட்டுக்கொண்டால் வேறுபாட்டை அன்றே காண்பீர்கள். ரேம்தான் வேண்டும் என்றால், இருப்பதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அப்படிச் செய்யாமல் நான் ஒரு முறை டிடிஆர் 3 வகை ரேம் வாங்கி வந்தேன். என் கணினியில் இருந்தது டிடிஆர் 2. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடிவிளிம்பில் உள்ள சிறு வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், அழுத்தினாலும் உட்காராது. பிரித்த பொருளைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: எட்டு ஜிபி ரேம், விண்டோஸ் 10 என்று சொன்னதை நம்பிக் கடையில் 9,000 ரூபாய்க்குப் பழைய கணினி வாங்கினேன். போட்டுப் பார்க்கவில்லை. லிப்ரே ஆபிஸ் திறக்காததால் பார்த்தால் இரண்டு ஜிபி, விண்டோஸ் 7. (கோட்டையூர்)

பதில்: 9,000 ரூபாயைக் கொடுப்பதற்கு முன் மின்இணைப்பைப் போட்டு, 'கம்ப்யூட்டர்' படத்தை வலச்சொடுக்கி, 'பிராப்பர்ட்டீஸ்' பார்க்க இரண்டு நிமிடம் போதும், அந்த இரண்டு நிமிடத்தை நீங்கள் ஒதுக்கவில்லை. ஆனால் பொய் சொன்னவர் கடைக்காரர். அவர் வாட்ஸ்அப்பில் 8 ஜிபி என்று எழுதியிருந்தால் அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு, இந்த வாரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதுங்கள். அதுவரை அந்தக் கணினியில் எதையும் கழற்றவோ மாற்றவோ வேண்டாம்.