தாமிரபரணித் தண்ணியும் வெளிநாட்டுப் படிப்பும்: கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்து, எஸ்தோனியாவிலும் ஸ்வீடனிலும் பகுப்பாய்வு வேதியியல் படித்த ஒருவர், நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டதற்குப் பதில் சொல்கிறார்.

பி.எஸ்ஸி. மாணவர், சேரன்மகாதேவி: அண்ணாச்சி, அனலிட்டிக்கல் கெமிஸ்ட்ரிக்கு எங்க போகலாம்?

தம்பி, நான் முதல்ல சொல்றது ஐரோப்பிய ஒன்றியம் தர்ற எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகையோட நடக்கிற ‘எக்ஸலன்ஸ் இன் அனலிட்டிக்கல் கெமிஸ்ட்ரி’ங்கிற ரெண்டு வருஷ முதுநிலைப் படிப்பு. முதல் வருஷம் எஸ்தோனியாவுல தார்த்து பல்கலைக்கழகம். இரண்டாம் வருஷம் ஸ்வீடன்ல உப்சாலா, பிரான்ஸ்ல லியோன், பின்லாந்துல ஓபோ அகாடமி, இதுல ஒண்ணு. உதவித்தொகை கிடைச்சா படிப்புக் கட்டணம் கிடையாது, மாசம் 1400 யூரோ கையில வரும். போட்டி கடுமை. ஐப்பசியிலேயே சான்றிதழெல்லாம் எடுத்து வச்சிருங்க.

எம்.எஸ்ஸி. மாணவி, அம்பாசமுத்திரம்: பாபநாசத்துலயும் குறுக்குத்துறையிலயும் ஆத்துத் தண்ணி எடுத்து புராஜெக்ட் பண்றேன். துளி அளவு உலோகத்தையும் அளக்கிற ஐசிபி-எம்எஸ் கருவி எங்க காலேஜ்ல கிடையாது. இதை வெளிநாட்டுல மதிப்பாங்களா?

கண்டிப்பா மதிப்பாங்க, தாயி. படித்துறையில சலவை சோப்பும் டவுன் சாக்கடையும் ஆத்துல என்ன சேர்க்குதுன்னு பார்க்க பாஸ்பேட், அம்மோனியா, நைட்ரேட் அளந்தாப் போதும். அதுக்கு ஒரு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரே (கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுதுன்னு அளக்கிற கருவி) போதும்.

அவங்க துருவிக் கேக்கிறது வேற. தண்ணியை எப்படி எடுத்தே? கரைஞ்ச ஆக்சிஜன் பார்க்கணும்னா பாட்டில்ல ஒரு காத்துக் குமிழிகூட இருக்கக் கூடாது; மாங்கனீஸ் சல்பேட்டையும் கார அயோடைடையும் கரையிலேயே ஊத்தி ஆக்சிஜனை நிலைப்படுத்தணும். பஸ்ஸுல வச்சு லேபுக்குக் கொண்டுவந்து பார்த்த எண் ஆத்தோட எண் ஆகாது. ஈயம், காட்மியம் மாதிரி உலோகம்னா பிளாஸ்டிக் பாட்டில், நைட்ரிக் அமிலம் விட்டு பிஹெச் 2-க்குக் கீழே. இல்லாட்டி உலோகம் பாட்டில் சுவர்லயே ஒட்டிக்கும், ஆறு சுத்தம்னு நாம எழுதிருவோம்.

காய்ச்சி வடிச்ச தண்ணியையும் படித்துறைக்குக் கொண்டுபோய்த் திறந்து மூடி, அதையும் சேர்த்து அளந்துருங்க. அதுதான் பிளாங்க்; ஆத்துல இல்லாம பாட்டில்லயோ நம்ம கையிலயோ இருந்து கலந்தது எவ்வளவுன்னு அது காட்டும். கார், பிசானம்னு நம்ம பக்கத்து ரெண்டு நெல் பருவத்துலயும் ஒவ்வொரு தரம் எடுங்க. அணைத் தண்ணியும் வயல் உரமும் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்காது. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்துலயும் எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம்னு போடுங்க. இந்த அளவீட்டு ஐயப்பாடு பத்தி தார்த்து பல்கலைக்கழகமே இணையத்துல இலவசமாப் பாடம் நடத்துது, கட்டாயம் சேருங்க. பெரிய கருவியை ஓட்ட அங்க போய்ப் பழகிக்கலாம். இந்தக் கவனத்தை இங்கேயே பழகிட்டுப் போகணும்.

ஒரு தாய், முக்கூடல்: பீடி சுத்தித்தான் மகளைப் படிக்க வச்சேன். ஜெர்மனிக்குப் போக வீட்டை அடமானம் வைக்கணுமா?

வைக்காதீங்கம்மா. அங்க பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள்ல படிப்புக் கட்டணம் இல்ல. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்துல நம்ம மாதிரி வெளிநாட்டு மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1500 யூரோ. ஆனா விசாவுக்கு வருஷச் செலவு 11,904 யூரோவை முடக்கக் கணக்குல காட்டச் சொல்வாங்க, நம்ம காசுக்குப் பத்து லட்சத்துக்கு மேல. அது கட்டணமா போயிராது, மாசம் 992 யூரோவா மகளுக்கே திரும்ப வரும். டாட் (DAAD) அப்படிங்கிற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்போட உதவித்தொகை கிடைச்சா அதுவும் வேண்டாம். மகள் எம்.எஸ்ஸி. முடிச்சிருந்தா நேரா முனைவர் பட்டத்துக்கே முயற்சி பண்ணச் சொல்லுங்க; ஜெர்மனியிலயும் ஸ்வீடன்லயும் பெரும்பாலும் அது சம்பள வேலை.

தமிழ் மீடியத்துல படிச்சவங்க சமாளிக்க முடியுமா? (ஆலங்குளம்)

முடியும். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம்தான். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுல எழுதுற பகுதிக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்குங்க.

பேராசிரியருக்கு மெயில் போட்டாப் பதிலே வரல, அண்ணாச்சி. (வள்ளியூர்)

ஒரே மெயிலை ஐம்பது பேருக்கு அனுப்பினா வராது, தம்பி. அவரோட ஒரு கட்டுரையை முழுசா வாசிங்க. அதுல எந்த அளவீட்டு முறையை உங்க ஊர்த் தண்ணியில செஞ்சு பார்க்க ஆசைப்படுறீங்க, ஏன்னு நாலு வரி எழுதுங்க. புராஜெக்ட்ல வந்த ஒரு வரைபடத்தை இணைச்சிருங்க. ரெண்டு வாரம் பார்த்துட்டு ஒருதரம் நினைவூட்டலாம், அதுக்கு மேல அடுத்த ஆளுக்கு எழுதுங்க.